விண்ணப்பமும் அகராதியும்

நிதி வேண்டி எழுதப்படும் ஆய்வுத் திட்ட விண்ணப்பத்தை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆயினும் அவ்வகை எழுத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டும் சிறுநூலொன்று ஆங்கிலத்தில் உண்டு. சாமுவேல் ஜோன்சன் 1747 இல் வெளியிட்ட அகராதித் திட்டமே அது.

புத்தக வியாபாரிகள் 1,500 கினி தருவதாக முந்திய ஆண்டே ஒப்பந்தம் செய்திருந்தனர். இருந்தும் அத்திட்டம், அரசாங்கச் செயலாளராயிருந்த செஸ்ரர்பீல்ட் பிரபுவை விளித்தே எழுதப்பட்டது. ஆங்கிலத்தை மாறாதபடி நிலைநிறுத்த வேண்டுமென ஜொனதன் சுவிப்ற் 1712 இலேயே வற்புறுத்தியிருந்தார். மேன்மக்களின் அவாவும் அதுவே. ஜோன்சனும் அதனைத் தம் பணியின் பெருநோக்கங்களுள் ஒன்றாக வைத்தார். தமது அதிகாரம் பிரபுவிடமிருந்து பெற்றதென்றும் பணிந்துரைத்தார். எழுத்துக்கூட்டல், உச்சரிப்பு, சொற்பிறப்பு, பொருள், மேற்கோள் என அவர் பணியை வகுத்த முறை இன்றும் வியக்கத்தக்கது. குறை அங்கில்லை. செய்து பார்த்த பின்னரே அறியக்கூடிய முடிவைச் செய்யுமுன்னரே வாக்களித்ததில் உள்ளது. அக்குறை ஜோன்சனுடையது என்பதிலும் விண்ணப்பம் என்னும் வடிவத்தினுடையது என்பதே பொருந்தும். கொடுப்பவர் கேட்க விரும்புவதை எழுதுபவர் நாளடைவில் தம் கருத்தாகவே நம்பத் தலைப்படுகிறார்.

மூன்றாண்டில் முடியுமென எண்ணிய அகராதி 1755 ஏப்ரலிலேயே வெளிவந்தது. பிரபு அளித்ததோ ஒருமுறை பத்துப் பவுண். அவ்வாண்டு பெப்ரவரியில் ஜோன்சன் அவருக்கு எழுதிய கடுங்கடிதத்தைப் பலரும் போற்றுவர். அதனினும் நேர்மையானது அகராதியின் முன்னுரை. மொழியை நிலைநிறுத்தலாமென்று தாம் சிலகாலம் கொண்டிருந்த நம்பிக்கைக்கு அறிவும் அனுபவமும் இடந்தரவில்லையென அவர் அதிலே ஒப்புக்கொள்கிறார். அம்முன்னுரை எந்தப் பிரபுவையும் விளித்து எழுதப்பட்டதன்று.