இருமனமும் நோய்க்குறியும்: ஒரு சொல்லாட்சி பற்றிய மறுநோக்கு

எமது விமரிசன எழுத்துக்களில் நடுத்தர வர்க்கத்தின் ஊசலாட்டத்தை ‘உளப்பிளவு’ எனச் சுட்டும் வழக்கம் உண்டு. முடிவெடுக்கத் தயங்கும் கதைமாந்தர்க்கும் இப்பெயரே சூட்டப்படுகின்றது. இச்சொல்லாட்சி இலக்கியத்தை விளக்குவதுமில்லை. நோயாளரைச் சரியாகக் காட்டுவதுமில்லை என்பதே எமது கருத்தாகும்.

உளப்பிளவு நோய்க்குச் ‘சிசோபிரினியா’ என்னும் பெயரை 1908இல் வழங்கிய சுவிஸ் மருத்துவர் ஒய்கன் புளொய்லர், முரண்பட்டவை ஒருங்கே நிலவும் இருமைநிலையை அதன் அடிப்படைக் குறிகளுள் ஒன்றாகக் கொண்டார். உணர்ச்சி, விருப்பாற்றல், சிந்தனை ஆகிய மூன்றிலும் அதனை இனங்கண்டார். உண்ண விரும்பியும் விரும்பாமலும் கரண்டியைப் பலமுறை வாயருகே கொண்டுசென்று, உண்ணாமலே விடும் நோயாளியை அவரது 1911ஆம் ஆண்டு நூல் காட்டுகின்றது. இங்கு இரு விருப்பங்களும் ஒன்றையொன்று எடைபோடுவதில்லை. செயல் இடைநடுவில் உறைந்துவிடுகின்றது.

இதனோடு கந்தளாயை ஒப்புநோக்குவோம். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்குளத்து நீரை நம்பி வாழும் கமக்காரர் அக்குளத்தையே அஞ்சுவாராயின், அது நோயாகுமா? ஆகாது. அவரிடத்தே அச்சமும் நம்பிக்கையும் ஒன்றையொன்று அறிந்தே நிற்கின்றன. மாரியிற் கட்டைப் பார்த்துவருவார். நீர் திறந்ததும் வயலில் இறங்குவார். அவரது இருமனத்தின் காரணம் வரலாற்றில் உள்ளது. பரிகாரம் அணையின் பராமரிப்பில் உள்ளது.

இருமைநிலை நலமுற்றோரிடத்தும் உண்டெனப் புளொய்லரே ஏற்றார். 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கையேடு இதனை உளப்பிளவின் நோயறி அளவைகளுட் சேர்க்கவில்லை. இக்குறியொன்றை மட்டுங்கொண்டு எவரையும் நோயாளர் எனத் துணிதல் தகாது.

மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். அதே கமக்காரர் வீட்டில் நோயுற்ற மகன் ஒருவன், வெளியே செல்வதா திரும்புவதா எனத் துணியாது வாசலில் நெடுநேரம் நிற்கின்றான் எனக் கொள்வோம். ஊரார் அவனைச் சோம்பேறி என்பர், வீட்டார் பிடிவாதம் என்பர், வைத்தியம் பின்தள்ளப்படும். நோயின் பெயரை வசைச்சொல்லாக்கும் விமரிசகர் இத்தீர்ப்புக்கே துணைபோகின்றார்.

வர்க்க ஊசலாட்டத்துக்குப் பின்னால் நலன் ஒன்று உண்டு. ஊசலாடுவோர் இருபுறத்தும் இழப்பைத் தவிர்க்க முயல்கின்றனர். வாசலில் நிற்பவனுக்கோ அந்நிலையால் எவ்வித இலாபமும் இல்லை. முன்னையது விமரிசனத்துக்குரியது, பின்னையது பராமரிப்புக்குரியது. ஆதலின் ஊசலாட்டத்தை ஊசலாட்டம் என்றே அழைப்போம்.