தோட்டக் கணக்கும் வரலாற்றுச் சாட்சியும்

பொருளியல் நூல்களில் வரலாறு பெரும்பாலும் முதலாம் அத்தியாயத்தோடு முடிந்துவிடுகின்றது. சில ஆண்டுகள், ஏற்றுமதித் தொகைகள், ஓர் ஆளுநரின் பெயர். அதன்பின் கோட்பாடு தன்பாட்டில் நடக்கத் தொடங்கும். அந்தக் கோட்பாட்டைக் குறுக்கு விசாரணை செய்ய வரலாற்றுக்கு இடமளிக்கப்படுவதில்லை. நமது பெருந்தோட்டங்கள் பற்றிய எழுத்துகளில் இக்குறை துலக்கமாகத் தெரிகின்றது.

டொனல்ட் ஸ்னொட்கிராஸ் 1966 இல் வெளியிட்ட நூல் அதன் புள்ளிவிபரங்களுக்காக இன்றும் பயன்படுவது. ஆயினும் தோட்டம் நவீனத் துறை, கிராமம் மரபுத் துறை என்ற அக்காலத்து இரட்டைப் பொருளாதாரப் பார்வை அதிலும் உண்டு. இப்பிரிப்புக்கு எதிரான முதற் சாட்சி கோப்பி. 19 ஆம் நூற்றாண்டில் கண்டிப் பிரதேசக் கிராமத்தவர் தம் வீட்டுத் தோட்டங்களில் விளைவித்த கோப்பியும் கணிசமாக ஏற்றுமதியாயிற்று. அதை வாங்கிச் சேர்த்தோரில் நம் முஸ்லிம் வணிகர் முக்கியமானவர்கள். தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகமும் அவர்களுக்குப் பழக்கமானதே. ‘மரபுத் துறை’யினர் உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்!

இதைவிடக் கனமான சாட்சி ‘துண்டு’. கங்காணியின் கீழிருந்த தொழிலாளர் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அக்கடனைச் செலுத்தினால் ஆட்களை விடுவதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. 1921 இல்தான் அது ஒழிக்கப்பட்டது. கூலி கூடிய இடத்தை நோக்கி உழைப்பு நகரும் என்ற எடுகோளை இந்தச் சீட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளி நகர்ந்தான்தான்; ஆனால் கங்காணியின் பேரத்தில், கடனையும் சுமந்துகொண்டு.

எஸ்.பி.டி. டி சில்வாவின் 1982 ஆம் ஆண்டு நூல் இவ்விடத்தில்தான் பெறுமதி பெறுகின்றது. உற்பத்தித்திறன் குறைவு, ஆகவே கூலி குறைவு என்ற வாய்பாட்டை அவர் தலைகீழாக்குகிறார். மலிவான உழைப்பு தாராளமாகக் கிடைத்தபடியால் உற்பத்தி முறையை மாற்றும் நெருக்குதல் தோட்டத்துக்கு ஏற்படவில்லை என்பது அவர் வாதம். வரலாற்றை அலங்காரமாக அன்றி ஆதாரமாகவே கையாள்கிறார். ஆனாலும் வணிக மூலதனம், ஏஜென்சிக் கம்பனி என்று விரியும் அந்நூலில் தொழிலாளியின் குரல் கேட்பது அரிது. அது சிறிய குறையல்ல.

புளத்கொகுபிட்டியப் பக்கத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களுக்கும் இந்த வாதம் அந்நியமானதல்ல. 2021 இல் நாட்கூலி 1,000 ரூபாவாக்கப்பட்டபோது கம்பனிகள் உற்பத்தித்திறனையே பேசின. பறித்த கொழுந்தின் கிலோக்கணக்கு மேசைக்கு வந்தது. எந்த மலையில் எத்தனை ஆண்டுகளாக மீள்நடுகை நடக்கவில்லை என்ற கணக்கும் தோட்டத்துக் கந்தோரில்தான் இருக்கும். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.