நோட்டில் இல்லாத சில்லு

2016-ஆம் ஆண்டு நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு வெளிவந்தபோது, அதற்குள் ஒரு நுண்சில்லு இருக்கிறதென்றும், மண்ணுக்கடியில் புதைத்து வைத்தாலும் செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்துவிடுமென்றும் பேச்சு பரவியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. வதந்தி மட்டும் சாகவில்லை. ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் சில்லு வைத்து நம்மைப் பின்தொடர்கிறார்கள் என்று நம்புவோர் படித்தவர்களிடையேயும் உண்டு. இது எவ்வளவு உண்மை? பார்ப்போம்.

இருப்பிடம் அறிவதற்குப் பயன்படும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நம்மைத் தேடுவதில்லை. குறியலைகளை அனுப்புவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த அலைகளை வாங்கிக் கணக்கிட ஒரு கருவி வேண்டும். கணக்கிட்டதை மற்றவருக்குத் தெரிவிக்க ஓர் அலைபரப்பி வேண்டும். இரண்டுக்கும் மின்கலம் வேண்டும். காகிதத் தாளுக்குள் இத்தனையும் அடங்குமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மின்கலமே இல்லாத சில்லும் உண்டு. படிக்கும் கருவியிலுள்ள கம்பிச்சுருள் ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் சில்லோடு இணைந்த சிறு சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, அந்தச் சொற்ப ஆற்றலில் சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிப் போகிறது. பள்ளியில் படித்த பாரடேயின் தூண்டல் விதிதான் இது! புலம் தொலைவோடு மிக விரைவாக மெலிந்துவிடுவதால், இத்தகைய சில்லைச் சில அங்குலத்துக்கு அப்பாலிருந்து படிப்பது கடினம். நம் நாட்டில் வளர்ப்பு யானைகளின் தோலுக்கடியில் இத்தகைய சில்லைப் பொருத்துகிறார்கள். மனிதருக்கும் வந்தது. அமெரிக்காவில் 'வெரிச்சிப்' என்ற சில்லுக்கு 2004-இல் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. நம் வயலில் விளையும் நெல்மணியைவிடச் சற்றே பெரிது. அதனுள் இருந்தது 16 இலக்க எண் ஒன்று மட்டுமே. மக்கள் விரும்பாததால் 2010-இல் விற்பனை நின்றுபோயிற்று. சுங்கச்சாவடியில் கார்க் கண்ணாடியில் ஒட்டும் பாஸ்டேக் இதே குடும்பம்தான் என்றாலும், வேறு அலைவரிசையில் இயங்குவதால் சில மீட்டர் தொலைவிலிருந்து படிக்க முடிகிறது.

நம் குடும்ப அட்டைக்கு வருவோம். 2017-இல் தமிழகத்தில் வழங்கத் தொடங்கிய மின்னணு அட்டையில் இருப்பது கருப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு குறியீட்டுப் படம். ஆதாரிலும் அவ்வாறே. அச்சடித்த மை எங்கும் அலை பரப்புவதில்லை. ஆகவே சில்லைப் பற்றிய அச்சம் வீண் எனலாம்.

அச்சமே வீண் என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் நகர்ந்துவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சம்பா நடவு முடிந்து திருவாரூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் அரிசி வாங்கலாம் என்ற ஏற்பாடு 2020-இல் வந்தது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருப்பூர்க் கடையில் விரல் வைத்த நாளும் நேரமும் கணிப்பொறியில் ஏறிவிடுகின்றன. வீடு பூட்டிக் கிடப்பது அண்டை வீட்டாருக்கு மட்டும் தெரிந்த காலம் போய், இப்போது ஒரு பதிவேட்டுக்கும் தெரிகிறது. இதற்குச் சில்லு எதற்கு? பின்தொடர்வது அட்டையன்று, பதிவேடு.

அந்தப் பதிவேடுதான் பத்திரமாக இருக்கிறதா? தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே கசிந்ததாக 2021-இல் செய்தி வந்தது. ரகசியச் சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகை களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? ஆயுள் முழுதும் சேற்றில் நாற்று நட்டுக் களை பறித்த கிழவியின் விரல்களிலோ ரேகையே தேய்ந்து கிடக்கிறது. கருவி மூன்று முறை மறுத்தால், தான் தான்தான் என்று அவள் எப்படி மெய்ப்பிப்பாள்? ஒரு பக்கம் வேண்டாதபோதும் நம்மை அறிந்து வைத்திருக்கிறது. மறுபக்கம் வேண்டியபோது நம்மை அறிய மறுக்கிறது. விசித்திரமான காவற்காரன்!

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டு செப்டம்பரில் ஐவர் அமர்வு ஆதாரைப் பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டாலும், சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்றது. அதுவரை விதி ஐந்தாண்டு! 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கே விலக்கு அளித்துக்கொள்ளவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். வேலிக்குள் இருக்கும் பெரிய மாட்டுக்குக் கயிறு இல்லை!

'மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?' என்று கேட்பார்கள். சண்டிகர், நாகபுரி முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கைகளில் இருப்பிடம் காட்டும் கடிகாரங்களைக் கட்டினார்கள். மின்கலமும் அலைபரப்பியும் உள்ள, உண்மையாகவே பின்தொடரும் கருவி அது. கழிவறைக்குப் போனாலும் யாரோ பார்க்கிறார்களோ என்று பெண்கள் கூசினர். ஜாமீனில் வந்தவர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசி வழியே காவல்துறைக்கு எந்நேரமும் காட்டவேண்டும் என்று நிபந்தனை விதிப்பது செல்லாதென 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவரோ குற்றம் சாட்டப்பட்டவர். துடைப்பம் பிடித்த அந்தப் பெண்கள்மேல் எந்த வழக்கும் இல்லை.