பந்தைத் திருப்பிக் கொடுத்தே ஜெயித்த அணி

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம், தன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர் பிரையன் ஃபெரன்ட்ஸின் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியது. ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி, குறைந்தது 7 வெற்றி. இரண்டும் கிட்டினால்தான் வேலை நீடிக்கும். அந்த 25இல் தற்காப்பு வீரர்கள் பந்தைப் பறித்து ஓடி எடுக்கும் புள்ளிகளும் அடக்கம். தாக்குதலுக்குச் சம்பளம் வாங்குகிறவருக்குத் தற்காப்பின் புள்ளியிலும் பங்கு! தலைமைப் பயிற்சியாளர், 1999 முதல் பதவியில் இருக்கும் கிர்க் ஃபெரன்ட்ஸ், அவருடைய அப்பா.

அந்தப் பருவம் முடிந்தபோது சராசரி 15.4. மொத்தக் கெஜக் கணக்கில், முதல்நிலையில் ஆடிய 133 அணிகளில் அயோவாவுக்குக் கடைசி இடம். ஆனாலும் 10 வெற்றி, பிக் டென் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவில் முதலிடம். இப்படி ஒரு பருவம் வாய்த்தால் சண்டை ஓயுமா? அயோவாவின் முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆதாரத்தை ஒரே பட்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முறை இதுதான். பத்துக் கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. மூன்று வீணானால் அயோவா வருத்தப்படாமல் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டுவிடும். நீண்ட களத்தைக் கடக்க முயன்று அவர்கள் தவறு செய்யும்வரை பயிற்சியாளர் ஃபில் பார்க்கர் வகுத்த தற்காப்பு காத்திருக்கும். உதைக்கிறவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டோரி டெய்லர்; அந்த ஆண்டின் சிறந்த பன்டருக்கான ரே கய் விருது அவருக்குத்தான். இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. 2004இல் பென் ஸ்டேட்டின் மைதானத்தில் 6-2 என்று முன்னிலையில் இருந்தபோது, தன் எல்லைக்கோட்டருகே சிக்கிய கிர்க், உதைப்பதே ஆபத்து என்று கருதி வேண்டுமென்றே 2 புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார். ஆட்டம் 6-4 என முடிந்தது, ஜெயித்தது அயோவா.

இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அயோவா சிறிய மாநிலம். ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கிடைப்பதுபோன்ற மின்னல் வேக வீரர்கள் இங்கே வரிசையில் நிற்பதில்லை. முரட்டு உடம்புக்காரர்களை நான்கைந்து வருடம் வளர்த்து ஆளாக்குவதே இதன் பலம். பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெயர்பெற்ற ஜார்ஜ் கிட்டில் அப்படி உருவானவர். தாக்கும் வாய்ப்புகள் குறைவாக உள்ள மந்தமான ஆட்டத்தில் வலுத்த அணியின் அனுகூலமும் சுருங்கும். கணக்கு சரிதான்.

ரசிகர்களின் கோபம் போய் விழுந்த இடம்தான் எனக்குத் தவறாகப் படுகிறது. 2022இல், பந்தை எறியும் குவாட்டர்பேக் ஸ்பென்சர் பெட்ராஸை மாற்று என்பதே ஓயாத கூச்சல். ஒஹாயோ ஸ்டேட்டிடம் 54-10 எனத் தோற்ற ஆட்டத்தில் பாதியிலேயே அவரை உட்காரவைத்து அலெக்ஸ் படில்லாவை இறக்கினார்கள், ஒன்றும் மாறவில்லை. 2021இல் மிச்சிகனைத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப்வரை கொண்டுபோன கேட் மெக்னமாரா 2023இல் வந்தார். செப்டம்பர் இறுதியில் முழங்கால் போனது. அடுத்து டீக்கன் ஹில். எறிந்ததில் பாதிகூடச் சக வீரர் கைக்குச் சேரவில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தும் ஆட்டம் மாறாவிட்டால் குற்றத்தை எறிகிறவர் தலையில் மட்டும் கட்டுவது எப்படி? கிர்க்கிடமும் பிழை உண்டு. பந்தைப் பறிகொடுக்காதவனே நல்ல குவாட்டர்பேக் என்று அளந்தால், எட்டுக் கெஜம் தேவைப்படும் இடத்தில் ஐந்து கெஜத்துக்கு எறிகிறவனே தேறுவான்.

அக்டோபர் 2023இலேயே பிரையனுக்கு விடை கொடுப்பது அறிவிக்கப்பட்டது. 2024இல் அவர் இடத்துக்கு டிம் லெஸ்டர் வந்தார். அதே தலைமைப் பயிற்சியாளர், ஓட்டத்தையே நம்பும் அதே கொள்கை, காயத்தாலும் தடுமாற்றத்தாலும் மூன்று குவாட்டர்பேக்குகள், அப்போதும் மெலிந்த எறிதல். ஆனால் பந்து கிளம்புமுன் வீரர்களை இடம் மாற்றி எதிரணியைக் குழப்பினார் லெஸ்டர். முந்தைய ஆண்டும் அணியில் இருந்த கலெப் ஜான்சன் 1,537 கெஜம் ஓடினார். சராசரி 27ஐத் தாண்டியது. பழமைவாதம் வேறு, திறமைக்குறைவு வேறு என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை ஆடுகளத்தில் அமைவது அரிது. முதலாவதின் பெயரைச் சொல்லி இரண்டாவதைப் பல ஆண்டுகள் மறைத்தார்கள்; மறைக்க உதவியவை அந்த வெற்றிகளே.

ஆனால் லெஸ்டராலும் அழியாத குறை ஒன்று உண்டு. அவர் வருமுன்பே அது வெளிப்பட்டது: பிக் டென் இறுதியில் மிச்சிகனிடம் 2021இல் 42-3, 2023இல் 26-0 எனத் தோல்வி. அடுத்து சிட்ரஸ் போல் ஆட்டத்தில் டென்னசியிடம் 35-0. எதிரணி தவறே செய்யாவிட்டால் இந்த முறையிடம் அடுத்த பதில் கிடையாது. பின்தங்கிய பிறகு எறிந்துதான் மீள வேண்டும். குவாட்டர்பேக் யார் என்ற கேள்வி அங்கேதான் உண்மையில் எழுகிறது. 2025க்கு அயோவா தேர்ந்தெடுத்தது, சவுத் டகோட்டா ஸ்டேட்டில் இரண்டு தேசியப் பட்டம் வென்ற மார்க் க்ரொனோவ்ஸ்கியை. வெல்லப் பழகியவர், பந்தோடு தானே ஓடவும் துணிந்தவர். தன் முறைக்குள்ளேயே நின்று அயோவா செய்திருக்கக்கூடிய ஆகச் சிறந்த தேர்வு. நார்த்வெஸ்டர்ன் போன்ற அணிகளை நிம்மதியாக வெல்ல அது போதும். மிச்சிகனிடம் இரண்டு டச்டவுன் பின்தங்கி நிற்கும் டிசம்பர் இரவுக்குப் போதாது.