மேலை எல்லை: புனைவும் வரலாறும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியைப் பற்றிய எழுத்துகளில் ஒரு கற்பனை ஆழ வேரூன்றியுள்ளது. ஆளற்ற பெருவெளி, அதனுள் துணையின்றிப் புகும் குதிரை வீரன், அவன் துப்பாக்கியே நீதி. ஓவன் விஸ்டர் 1902இல் வெளியிட்ட ‘வர்ஜீனியன்’ என்னும் நாவல் இத்தலைவனுக்கு நிலைபேறு அளித்தது. ஆயின், அதற்கு முன்னரே வரலாற்றறிஞர் ஒருவர் இவ்வுருவத்திற்கு இடம் வகுத்திருந்தார் என்பதை ஈண்டு நினைதல் வேண்டும்.

1893இல் சிகாகோ நகரில் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் படித்த கட்டுரை, அமெரிக்கரின் குடியாட்சிப் பண்பும் தனிமனித உணர்வும் எல்லைப்புற வாழ்வில் உருவானவை என நிறுவ முயன்றது. அமெரிக்க நிறுவனங்கள் ஐரோப்பிய வித்திலிருந்து முளைத்தவை என்ற அக்காலக் கொள்கையை மறுத்து, நாட்டின் உட்பகுதிக்கு ஆராய்ச்சியைத் திருப்பியது அக்கட்டுரையின் சிறப்பு. அதனை நாம் மறுக்கவில்லை. அதன் அடிப்படையையே ஆராய்கின்றோம்.

குடியேற்றத்தின் எல்லைக்கோடு இனி இல்லை என்ற 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் கூற்றிலிருந்து டர்னர் தொடங்குகிறார். சதுர மைலுக்கு இருவரினும் குறைந்தோர் வாழும் நிலம் குடியேறா நிலம் எனக் கொள்ளப்பட்டது. ஒதுக்கிடங்களில் வாழ்ந்த பழங்குடியினரோ பொதுக்கணக்கிற் சேராது தனியே எண்ணப்பட்டனர். எனவே, அந்நிலத்தின் வெறுமையில் ஒரு பகுதி கணக்கிடும் முறையால் விளைந்தது என்க. அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் ஊண்டட் நீ ஓடைக்கரையில் லக்கோட்டா மக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். ஆளற்ற நிலத்திற்குப் படை எதற்கு?

துணையற்ற வீரன் என்பதும் இத்தகையதே. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியேறியவர்க்கு 160 ஏக்கர் வழங்கியது அரசு. 1869இல் நிறைவெய்திய இருப்புப்பாதைக்கு நிலமும் கடனும் அளித்ததும் அரசே. அப்பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவருட் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். 1882இல் சீனத் தொழிலாளரின் வருகையையே சட்டம் தடுத்தது. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்பெற்ற டூம்ஸ்டோனில், அச்சண்டை நிகழ்ந்த 1881இல், நகருக்குள் படைக்கலம் ஏந்தத் தடை இருந்தது.

பட்ரீசியா லிமெரிக் 1987இல் வெளியிட்ட நூல், எல்லை முடிந்தது என்னும் கருத்தை விடுத்து, நிலத்தைக் கைப்பற்றியதன் விளைவுகள் தொடர்வதை ஆராய்ந்தது. இந்நோக்கே தகுவது. புனைவைப் பொய்யெனத் தள்ளிவிடுதல் திறனாய்வு ஆகாது. அது கடந்த காலத்திற்குச் சான்றன்று. தம் முன்னோரை எவ்வாறு காண ஒரு மக்கள் விரும்பினர் என்பதற்குச் சான்று. அவ்விருப்பத்தால் விடுபட்டவர் யாவர் என வினவுதலே ஆராய்வார் கடன்.