பித்தளை டேங்குக்கு ஈயப்பற்றே

பிரிட்டிஷ் சீகல் அவுட்போர்டு மோட்டார்கள் இங்கிலாந்தின் பூல் நகரில் 1996 வரை உற்பத்தியாயின. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட இந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள், இன்றும் அந்நாட்டுக் கழிமுகங்களில் சிறு படகுகளைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் நன்றாக ஓடும்போதே டேங்க் ஒழுகத் தொடங்குவது இவற்றில் சகஜம். அதை அடைப்பதில் மூன்று கட்சிகள் உண்டு: ஈயம் வைத்துப் பற்றவைப்பவர்கள், வெளியே எபாக்ஸி பசை பூசுபவர்கள், உள்ளே திரவப் பூச்சு ஊற்றிச் சுழற்றுபவர்கள். மூன்றையும் நான் ஒரே அளவுகோலால் அளக்கிறேன். இன்று செய்யும் வேலை, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒழுகினால் அடுத்தவர் கைவைக்க இடம் விடுகிறதா?

ஒழுகுவது டேங்க்தானா என்று முதலில் பார்த்தாக வேண்டும். பழைய சீகல்களின் இழுத்துத் தள்ளும் பெட்ரோல் குழாயை அடைத்திருப்பது தக்கை. பயன்படுத்தாமல் வறண்டு கிடந்தால் அது சுருங்கிக் கசியும்; சுடுநீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் உப்பிவிடும். டேங்கின் அடியில் ஈரத்தைக் கண்டதுமே ஈயத்தைத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். குழாய் சரியாக இருந்தால், டேங்கின் வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றேற்றி, சோப்பு நீர் தடவினால் ஓட்டையைக் குமிழி காட்டிக்கொடுக்கும். கம்ப்ரசர் காற்று வேண்டாம். மெல்லிய தகடு பிதுங்கிவிடும்.

எபாக்ஸியை நான் முற்றாக ஒதுக்கவில்லை. கரைக்குத் திரும்ப அது போதும், பின்னால் சுரண்டியும் எடுத்துவிடலாம். ஆனால் பெட்ரோல் ஊறிய இணைப்பில் அது சரியாகப் பிடிக்காது. அதிரும் தகட்டோடு சேர்ந்து வளையவும் தெரியாது.

உட்பூச்சைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். ஊசித்துளைகள் பரவிய இரும்பு டேங்குக்கு அது நியாயமான மருந்து. அங்கே வேறு வழி இல்லை. பித்தளை டேங்கில் பிரச்சினை பெரும்பாலும் இணைப்பு ஓரத்தில், அதுவும் ஓரிடத்தில். அதற்காக உள்பரப்பு முழுவதையும் மூடிவிட்டால் பின்னால் ஈயம் வைக்கவே முடியாமல் போகும்: சூடு பட்டதும் பூச்சு கருகி இணைப்புக்குள் இறங்கும், ஈயம் ஒட்டாது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10% வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வகைப் பூச்சுகள் அதில் இளகி உரிகின்றன. உரிந்த செதில் கார்புரேட்டரை அடைக்கிறது. எத்தனாலைத் தாங்கும் பூச்சுகள் இப்போது கிடைப்பது உண்மைதான். அவையும் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுபவை என்பதால் என் முடிவு மாறவில்லை.

ஈயப்பற்றுக்கு எதிரான வாதங்களில் கனமானது ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு இருந்தாலே தீப்பற்றும். ஆகவே நிறைந்த டேங்கைவிடக் காலியாக்கிய டேங்க் பயங்கரமானது. தீ கூடாது என்று மட்டும் சொன்னால் போதாது, மின் சூட்டுக்கோலின் முனையே ஆவியைப் பற்றவைக்கும் அளவு சூடாகும். சோப்பும் சுடுநீரும் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகே கோலை எடுக்க வேண்டும். இதில் தயக்கம் உள்ளவர்கள், பித்தளை ரேடியேட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் கொடுத்துவிடட்டும்.

அதிர்வில் ஈயம் மறுபடி விரியும் என்பது இன்னொரு வாதம். விரியத்தான் செய்யும், டேங்கைப் பிடித்திருக்கும் பட்டை தளர்ந்திருந்தால். பட்டைக்கு அடியில் ரப்பர் வைத்து இறுக்காமல் ஓரத்தை மட்டும் அடைத்துவிட்டு ஈயத்தைக் குறை சொல்வது முறையல்ல. சாதாரண வெள்ளீயம்-ஈயக் கலவை 190 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். பித்தளை உருக அதற்கு 900 டிகிரி வேண்டும். தகட்டுக்குச் சேதமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். நான் வைத்த அளவுகோலில் மூன்றில் இது மட்டுமே முழுதாகத் தேறுகிறது.

தகடே மெலிந்து விரிந்திருந்தால் ஈயத்தை மட்டும் குவித்து மூட வேண்டாம். சுற்றிலும் பித்தளை பளிச்சிடும்வரை தேய்த்து, சிறு பித்தளைத் துண்டை அளவாக வெட்டி, இரண்டிலும் முதலில் ஈயம் பூசி, மேலே வைத்துச் சூடுகாட்டிப் பற்றவைக்க வேண்டும். பிறகு ஈயம் ஒட்டுவதற்காகத் தடவிய ஃப்ளக்ஸின் மிச்சத்தைக் கழுவி, மறுபடி சோப்பு நீர்ச் சோதனை.