பத்தொன்பது பல்லின் பக்கம்

ஃபிக்சி, அதாவது பின்சில்லோடு பெடலும் சேர்ந்தே சுற்றும் ஒற்றைக் கியர் சைக்கிள், கட்டுகிறவர்களுக்கு 48–16 (முன்னே 48 பல், பின்னே 16 பல்) கிட்டத்தட்ட வேதவாக்கு. தட்டையான நகரங்களில் அதற்குக் குறை சொல்ல முடியாது. மாத்தளை மாவட்டமோ தட்டையல்ல. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துச் சமவெளியை விட்டால், ஏ-9 வீதி நாவுல, நாலந்தா வழியாக மாத்தளையை நோக்கி ஏறுகிறது. ரத்தோட்டையைத் தாண்டிய ரிவர்ஸ்டன் வீதியோ நக்கிள்ஸ் மலைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. இங்கே என் வாக்கு 46–19க்குத்தான். 25 மி.மீ. ரயரில் பெடல் ஒரு சுற்றுக்கு 48–16 சைக்கிளை ஏறக்குறைய 6.3 மீற்றர் தள்ளும். 46–19 தள்ளுவது 5.1 மீற்றர். ஏற்றத்தில் காலுக்குப் பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இறக்கத்தில் கால் பறக்குமே என்பார்கள். உண்மைதான்: மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 48–16இல் நிமிடத்துக்கு 106 சுற்று, 46–19இல் 131. ஆனால் ரிவர்ஸ்டன் இறக்கத்தில் 106 சுற்றும் யாரையும் காப்பாற்றாது. முன் பிறேக்தான் காப்பாற்றும். பிறேக் இல்லாத சைக்கிளை அழகு என்று கொண்டாடும் இன்றைய ரசனையோடு எனக்கு உடன்பாடில்லை.

பத்தொன்பதின் உண்மையான அழகு வேறிடத்தில் இருக்கிறது. அது பகா எண். 48ஐ 16 மீதமின்றி வகுப்பதால், ஒரே காலை முன்வைத்துப் பின்சில்லைப் பூட்டி வழுக்கும்போதெல்லாம் ரயரின் ஒரே இடம்தான் றோட்டில் உரசும். மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க அந்த இடத்தில் நூல் தெரியும். 46–19இல் அந்தத் தேய்மானம் 19 இடங்களுக்குப் பிரிகிறது. தம்புள்ளையை விட்டு நகராதவர் 46–17 போடலாம். வேகமும் கூடும், 17 இடங்களும் மிஞ்சும். 16க்கு மட்டும் நியாயம் தேட வேண்டியிருக்கிறது.

செயினின் அகலத்தில், 3/32 அங்குலமா 1/8 அங்குலமா என்றால், நான் 1/8 கட்சி. அகலம்தான் பலம் என்ற வாதத்தை நம்பியல்ல. இழுவையைத் தாங்குவது பக்கத் தகடுகளும் ஊசியும்தான், நல்ல 3/32 செயின் அதில் சளைத்ததல்ல. எடையும் குறைவு. ஆனால் கியர் மாற்றாத சைக்கிளில் செயின் பக்கவாட்டில் நெளிய வேண்டிய தேவையே இல்லை. 1/8 செயின் 3/32 பல்லிலும் ஓடும். 3/32 செயின் 1/8 பல்லில் இறங்காது. அகலப் பல்லும் அகலச் செயினும் சேர்ந்தால் உரசும் பரப்புக் கூடி, பல் மெதுவாகத் தேயும். சாதாரணக் கறுப்புச் சைக்கிளின் செயினும் 1/8தான் என்பதால், மாற்றுச் செயினுக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டியதில்லை. இப்போது செயினை நிறம் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது நீளத்தை: 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால், எவ்வளவு மினுங்கினாலும் கழற்றிவிட வேண்டும். தயங்கினால் அந்த அருமையான பத்தொன்பதையும் அது தின்றுவிடும்.